கடைசி லயத்தில் என்னை ஒளித்துவைத்தார்

1943-ஆம் வருஷம், மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு லாரிகள் இருபத்தெட்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு கெமாஸ் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டன. முப்பது பேர் போயிருக்க வேண்டும். இரண்டு பேர் முந்தின நாளே காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஜப்பானிய சார்ஜன்ட் தலைகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான். பிறகு ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தான். இரண்டு பேர் ஓடிப்போனதற்குக் கிராணிதான் பொறுப்பு, நாளைக் காலையில் லாரி வரும், நீ ஏறிக்கொள் என்று கூட வந்தவனை வைத்து மலாயில் சொல்ல வைத்தான்.

அந்தக் கிராணி நான்தான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் அந்த ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன். சண்டைக்கு முன்பு பிரசவத்துக்காக ஊருக்குப் போன என் மனைவி அங்கேயே மாட்டிக்கொண்டாள். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. சயாமுக்குப் போனால் அதைத் தெரிந்துகொள்ளாமலே செத்துப்போவேன் என்று நினைத்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சயாமில், அதாவது தாய்லாந்தில், ஜப்பான்காரன் காட்டுக்குள் ரயில் பாதை போட்டான். முதல் தடவை, மூன்று மாத வேலை, அரிசிச் சாப்பாடு, நல்ல சம்பளம் என்று சொல்லி ஆள் கூப்பிட்டான். தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத காலம். சோற்று ஆசையில் நிறையப் பேர் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. காலராவும் காய்ச்சலும் அடியுமாக அங்கே சனங்கள் செத்துக் கிடக்கிறார்கள் என்று ரயிலில் வேலை செய்கிறவர்கள் மூலமாகச் செய்தி வந்தது. இரண்டாவது தடவை யாரும் தானாக வரவில்லை. அதனால் பெயர் எழுதிக் கொடு என்று என்னிடம் கட்டளை வந்தது.

இதுவரை இந்தச் சபையில் நான் சொல்லாததை இனிமேல் சொல்லுகிறேன். அந்த முப்பது பெயர்களையும் எழுதியது நான்தான். ஜப்பான்காரனே ஆட்களைப் பொறுக்கினான் என்று சனங்களிடம் சொன்னேன். அது பொய். அவன் எண்ணிக்கையைத்தான் கேட்டான்.

அப்போது எங்கள் தோட்டத்தில் ஆறு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. போதகர் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் ஆராதனை நடத்துவேன். ஆபீஸ் உத்தியோகத்தர் வீட்டுக்காரர்களுக்குப் பெஞ்சு. லயத்திலிருந்து, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்த விசுவாசிகளுக்குப் பாய். விசுவாசி அல்லாதவர்களுக்கு இடமே கிடையாது. ஜெபம் பண்ண லயத்துக்குப் போனால் என் வீட்டுத் தம்ளரையும் தண்ணீரையும் கூடவே கொண்டுபோவேன். இதெல்லாம் ஒழுங்கு என்று நினைத்தேன். ஆண்டவரும் என்னைப் போல ஒரு கிராணி, யாரை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பெயர் எழுத உட்கார்ந்தபோது முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுத்தான் எழுதினேன். எங்கள் ஆறு வீட்டிலும் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. நம்முடைய ஜனங்களைக் காப்பாற்றினேன் என்று எனக்குச் சமாதானமாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் விழுந்தேன். ஆராதனையில் கால் மணி நேரம் நிறுத்தாமல் ஜெபம் சொல்லுகிறவன் நான். அன்றைக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. "ஆண்டவரே, என்னை ஒளித்து வையும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளியே காய்ந்த ஓலை விழுந்தால்கூட எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். காட்டுக்குள் ஓடலாம் என்றால், கண்ணாடி இல்லாமல் பத்தடி தூரத்தில் நிற்கிறவனைத் தெரியாது எனக்கு. கண்ணாடியோடு போனாலோ, கிராணி என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி.

சாயங்காலம் ஆனதும் எங்கள் ஊர்க்காரரான டிரசர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் அவர். எங்கள் சபையில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். கதவை முக்கால்வாசி சாத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, கோவிக்காதையும். உம்மை உள்ள விட்டா என்ரை பிள்ளையளையும் சேர்த்துக் கொண்டுபோவாங்கள்."

"ஒரு ராத்திரிக்கு மட்டும் அண்ணை. விடிய முன்னம் போயிடுவன்."

"ஏலாது தம்பி. நான் உமக்காக ஜெபிக்கிறன். பின் பக்கத்தால போம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த முக்கால் கதவையும் முழுசாகச் சாத்தியிருப்பேன்.

பின் பக்கமாக இறங்கி, மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டிக் காட்டு ஓரத்துக்குப் போகலாம் என்று நடந்தேன். வழியில் கடைசி லயம். இன்னும் முழுசாக இருட்டவில்லை. அப்போது பெரிய ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. காலையில்தானே வருவதாகச் சொன்னான், இப்போதே வந்துவிட்டானா என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை, பக்கத்தில் இருந்த கதவைத் தட்டிவிட்டேன். எந்த லயத்தில் யார் யார் என்று பன்னிரண்டு வருஷம் எழுதி வைத்தவன் நான். ஆனால் எந்தக் கதவு யாருடையது என்று எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தது மாரியாயி. அவள் புருஷன் முனியனை அன்றைக்குக் காலையில்தான் லாரியில் ஏற்றியிருந்தார்கள். நான் எழுதிய பட்டியலில் பதினோராவது பெயர். லாரியின் பின்னாலேயே பாலம் வரைக்கும் ஓடினவள் அவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆறு வயது மகள் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் ஜப்பான்காரனைவிட அவளுக்கு அதிகமாகப் பயந்தேன். திரும்பி ஓடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க கிராணியய்யா. வெளிய நிக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ரோட்டில் அந்த லாரி நிற்காமல் போய்விட்டது. அது வேறு ஏதோ லாரி. நான் மூலையில் போய் உட்கார்ந்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தகரத் தட்டில் வைத்தாள். ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். லயத்துத் தண்ணீரை அன்றைக்குத்தான் முதல் தரம் குடித்தேன். மூன்று குவளை குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளாகவே காரியத்தில் இறங்கினாள். விளக்கை என் பக்கம் நகர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீசைய எடுத்துருங்க. கண்ணாடி வேணாம். அவுக காச்சட்ட இருக்கு, அத மாட்டிக்குங்க." பிறகு என் பாதங்களைப் பார்த்தாள். "காலுதான் காட்டிக் குடுத்துரும். செருப்புப் போட்ட காலு."

முனியனின் கத்தியால் நானே மீசையை எடுத்தேன். அவன் அரைக்கால் சட்டையையும் சாக்கில் தைத்த மேல்சட்டையையும் போட்டுக்கொண்டேன். அவள் சட்டிக் கரியையும் சேற்றையும் குழைத்து என் கால்களில் தேய்க்கக் கொடுத்தாள். பேனா பிடித்த கைகளை மறைக்க, சொறி பிடித்தவனைப் போல இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக் கட்டினாள். என்னை உள்ளே விட்டுவிட்டு அவளும் மகளும் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்தது என்றால் லயம் முழுவதும் தெரிந்தது என்று அர்த்தம். அவர்களில் எத்தனை பேருடைய புருஷன், மகன், தம்பி அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்று படுத்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி ஆபீஸ் பக்கம் போய்க் கையை நீட்டினால் போதும்.

விடிந்தது. லாரியில் வந்த சிப்பாய்கள் நேராக என் வீட்டுக்குப் போனார்கள். நேற்று வந்த சார்ஜன்ட் இல்லை, என் முகம் தெரியாத வேறு ஆட்கள். வீடு காலியாக இருந்ததும் தோட்டம் முழுவதையும் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு காலையும் ஆபீஸ் படிக்கட்டில் நின்று பேர் கூப்பிட்டவன் நான். அன்றைக்குத்தான் முதல் தரம் கீழே வரிசையில் நின்றேன். வலது பக்கம் மாரியாயி.

கண்ணாடி இல்லாததால் எல்லா முகமும் கலங்கித் தெரிந்தது. யார் என்னைப் பார்க்கிறார்கள், யார் சிப்பாயைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. "ஒளித்து வையும், ஒளித்து வையும்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் கத்தினான். "மானா கிராணி?" கிராணி எங்கே என்று கேட்கிறான். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கேட்டான். பிறகு பேர்களை வாசிக்கச் சொல்லி, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரைப் படியில் ஏற்றினார்கள். மண்டோருடைய மச்சானும் நேற்று லாரியில் போனவர்தான். அவர் கையில் இருந்தது என் கையெழுத்தில் இருந்த பழைய பேர்ப் புத்தகம். பயத்தில் அவர் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பார்க்காமல் வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். இருக்கிறவர்கள் குரல் கொடுத்தார்கள். போனவர்களின் பேர் வரும்போது வரிசை சும்மா இருந்தது. மண்டோர் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

"முனியன்."

பதில் இல்லை.

அப்போது என் வாய் திறந்தது. "ஆப்சென்" என்று சொன்னேன். சத்தமாக, தெளிவாக. பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கிராணி சொல்லுகிற சொல் அது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேனோ. புத்தி வேண்டாம் என்று சொல்வதற்குள் வாய் சொல்லிவிட்டது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டு, நானே அனுப்பிய மனுஷனுக்கு நானே ஆப்சென் போட்டேன்.

ஒரு சிப்பாய் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசைக்குள் வந்தான். மொழிபெயர்ப்பாளனும் பின்னாலேயே வந்தான். அவன் என் நெஞ்சில் விரலை வைத்தான். "இனி சியாபா?" இது யார்?

என் கால்சட்டை நனைந்தது. வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், நனைந்தது.

மாரியாயி என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "வாய மூடிக்கிட்டு நில்லுண்ணே. எத்தன தடவ சொல்றது ஒனக்கு." பிறகு குனிந்து கும்பிட்டு மலாயில் சொன்னாள். "அபாங் சாயா, துவான். சாக்கிட்." என் அண்ணன் ஐயா, உடம்பு சரியில்லாதவன். காய்ச்சலில் மூளை குழம்பிப்போனது என்று தலையைத் தட்டிக் காட்டினாள். என் கைக்கட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். சொறி என்றதும் சிப்பாய் ஒரு அடி பின்னால் போனான்.

மொழிபெயர்ப்பாளன் விடவில்லை. திரும்பி மண்டோரைக் கேட்டான். இவன் இவளுக்கு அண்ணனா?

மண்டோர் என்னைப் பார்த்தார். அவர் முகம் எனக்கு வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்ட சனங்கள் நின்றார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆண்டவரிடத்தில்கூட நான் ஒன்றும் கேட்கவில்லை அப்போது. கேட்க என்ன முகம் இருந்தது எனக்கு?

"யா, துவான்," என்றார் மண்டோர். "அபாங் டியா." ஆமாம், இவளுடைய அண்ணன்தான்.

பின் வரிசையிலிருந்து ஒரு கிழவி, இரண்டு மகன்களையும் முந்தின நாள் பறிகொடுத்தவள், "ஆமா, ஆமா, பைத்தியம்" என்று குரல் கொடுத்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். சிப்பாய்க்கு எரிச்சல் வந்தது. மண்டோரைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்தான். போகிற வழியில் என் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். எனக்குப் பதிலாக யாரையும் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

சண்டை முடியும் வரைக்கும் நான் மாரியாயியின் அண்ணனாக அந்த லயத்திலேயே இருந்தேன். மண்வெட்டி பிடித்தேன், மரவள்ளி நட்டேன், கை நிஜமாகவே காய்த்துப்போனது. சிப்பாய்கள் இன்னும் இரண்டு தரம் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் ஜெபம் நடத்த முடியவில்லை. மாரியாயியின் மகள் என்னிடம் ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொல்வாள். வேலிப் பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் பாடுவோம். மற்றப் பிள்ளைகளும் வருவார்கள். யாரையும் எழுந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்து இருபத்தெட்டுப் பேரில் மூன்று பேர் வந்தார்கள். முனியன் வரவில்லை. காலராவில் போய்விட்டான் என்று வந்தவர்களில் ஒருவன் சொன்னான்.

அதற்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் மாரியாயி கிணற்றடியில் இருந்தபோது போய் முன்னால் நின்றேன்.

"மாரியாயி, அந்தப் பேரெல்லாம் சப்பான்காரன் எழுதேல்லை. நான்தான் எழுதினது. உன்ரை புருஷன்ரை பேரையும் நான்தான் எழுதினன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ண்ணே."

"எப்ப தெரியும்?"

"லாரி போன அன்னிக்கே. ஒங்க கோயிலுக்குப் போற ஆறு வீட்லயும் ஒரு ஆம்பளயும் போவல. அதுக்கு மேல என்ன தெரியணும்?"

அப்படியானால் நான் வந்து கதவைத் தட்டியபோதே அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துமா என்னை உள்ளே விட்டாய் என்று கேட்டேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் கோவம் இருந்திச்சு. இல்லாம இருக்குமா? ஆனா அவுகளயும் எங்கயோ ஏத்திக்கிட்டுப் போறான். அங்க அவுக யார் வீட்டு வாசல்லயாவது போயி நின்னா, ஒருத்தராச்சும் உள்ள விடணும்ல. நான் வெரட்டிட்டு, அத எந்த மொகத்த வச்சுக்கிட்டு சாமிகிட்ட கேக்குறது?"

அன்றைக்கு நான் கேட்டது கிடைத்தது. அவள் கேட்டது கிடைக்கவில்லை. அது ஏன் என்று இத்தனை வருஷம் ஆண்டவரைக் கேட்டுவிட்டேன். பதில் தெரியும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னை ஒளித்து வையும் என்று கெஞ்சினேன், அவர் ஒளித்து வைத்தார். என் பெஞ்சுக்காரர்களிடத்தில் இல்லை, நான் தள்ளிவிட்ட சனங்களின் நடுவில் வைத்தார். அவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவரும் அங்கே இருக்கிறார் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

சண்டைக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஆராதனை லயத்து முற்றத்தில்தான் நடந்தது. பெஞ்சுகளைக் கொண்டுவரவில்லை, எல்லோருக்கும் பாய்தான். டிரசரும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாரியாயி நெற்றியில் விபூதியோடு வருவாள், பாட்டுக் கேட்பாள், போவாள். அவள் மகள் பிற்பாடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். மாரியாயி எடுத்தாளா என்று சில பேர் கேட்பார்கள். நான் அவளை ஒருநாளும் கேட்கவில்லை. அவள் என்னை ஒன்றும் கேட்காமல்தான் உள்ளே விட்டாள். போன வருஷம் நீலாய் ஊரில் தன் மகள் வீட்டில் கண்ணை மூடினாள். கொள்ளி வைக்கிற நேரத்தில் பிறந்த வீட்டுக் கோடித் துணி யார் போடுவது என்று கேட்டார்கள். நான் போட்டேன்.

ஊரிலிருந்து என் மனைவி வந்து சேர்ந்தாள், கூடவே நான் பார்க்காத என் மகளும் வந்தாள். அந்தக் கிருபைக்கு நான் தகுதியானவன் அல்ல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லாத நாள் கிடையாது.

இன்றைக்கு இங்கே யாராவது, நான் செய்தது ஆண்டவருக்குத் தெரிந்தால் என்னைச் சேர்ப்பாரா என்று பயந்துகொண்டு வாசலிலேயே நின்றால், உங்களுக்காகத்தான் இந்த வயதில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். அவருக்குத் தெரியும். நீங்கள் வந்து தட்டும்போதே தெரியும். தட்டுங்கள்.